பட்டியலில் எட்டாவது பெயர்

1

முப்பத்தொரு வயது வரைக்கும் வல்வெட்டித்துறையில் இருந்த என்னை ஒருவரும் ஒருநாளும் ஆசியன் என்று கூப்பிட்டதில்லை. இன்னாரின் மகன் என்பார்கள், சந்திக்கடைக்குப் பின்வீட்டுப் பெடியன் என்பார்கள், கோபம் வந்தால் வேறும் பல சொல்வார்கள். ஆசியன் ஆவதற்கு நான் கலிபோர்னியாவுக்கு வரவேண்டியிருந்தது. லோங் பீச் என்ற இந்தக் கடற்கரைப் பட்டினத்துக்கு வந்த மூன்றாம் மாதம் ஒரு படிவம் தந்தார்கள். அதில் பெட்டி பெட்டியாகப் போட்டிருந்தது. சீனர், பிலிப்பினோ, வியட்நாமியர், கம்போடியர், யப்பானியர், இந்தியர். எல்லாவற்றுக்கும் கீழே, "வேறு ஆசியர்". அந்தக் கடைசிப் பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு உள்ளே போனவன்தான், பன்னிரண்டு வருடமாக அதற்குள்ளேயே இருக்கிறேன்.

பெட்டிக்குள் இருக்கிற சனம் நல்ல சனம், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் வேலை செய்வது டோனட் கடையில். நடுவில் ஓட்டை வைத்துப் பொரித்துச் சீனிப்பாகில் தோய்த்த பணியாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் டோனட் கடை என்றால் பெரும்பாலும் கம்போடியர் கடைதான். எங்கள் கடை மாலி அக்காவுடையது. அறுபத்தைந்து வயது, ஐந்தடிக்கும் குறைவு, குரல் மட்டும் கப்பல் சங்கு. அவருடைய சனம் மூத்தவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாது, அண்ணன் அக்கா என்பதுபோல 'பொங்' என்று சேர்த்துத்தான் சொல்லும். நான் முதல் நாளே அக்கா என்றேன். அதற்கு விளக்கம் கேட்காத முதல் ஆள் இந்த நாட்டில் அவர்தான்.

காலையில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்த பிலிப்பினோத் தாதிமார் வருவார்கள். பிறகு நகம் பூசுகிற கடைக்குப் போகிற வியட்நாமியப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கென்று மூன்று டசின் வாங்குகிற ஒரு சமோவாத் தீவுக்காரர். எல்லாரும் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா? ஊர்ச் சனம் மாதிரித்தான். ஒரு வித்தியாசம், இவர்கள் எல்லாரும் வருடத்துக்கொரு தடவையாவது ஊருக்குப் போய்விட்டு வந்து படம் காட்டுவார்கள். நான் படம் பார்ப்பேன்.

2

நான் ஏன் போவதில்லை என்று ஊரில் பலபேர் கேட்கிறார்கள். "கனடாக்காரர், லண்டன்காரர் எல்லாம் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு வந்து காவடி எடுக்கினம், உவனுக்கு மட்டும் என்ன?" என்று என் சொந்த மச்சானே கேட்டிருக்கிறான். ஆகவே ஒருமுறை விளங்கச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் புகலிடம் கேட்பதானால் வந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கூட இருந்தவன், "அவசரப்படாதை, முதல் ஒரு வேலையைப் பிடி" என்றான். நான் வேலையைப் பிடித்தேன், படிவத்தைப் பதினான்காம் மாதம் போட்டேன். நீதிபதி நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார். அந்த விசயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன். நம்பிவிட்டு, புகலிடம் தர முடியாது, நாள் கடந்துவிட்டது, ஆனால் திருப்பி அனுப்பவும் மாட்டோம் என்று எழுதினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சட்டத்தரணி பிறகுதான் சொன்னாள். வேலை செய்யலாம், வரி கட்டலாம். மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. நாட்டை விட்டு ஓரடி வெளியே வைத்தால் திரும்பி வரவே முடியாது. இந்த வீட்டுக் கதவு வெளிப்பக்கம் மட்டும்தான் திறக்கும்.

வருடத்துக்கொரு தடவை ஒரு குடிவரவுக் கந்தோரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் வருடம் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பினேன். எங்கள் ஆட்கள் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு ஒரு இடத்தை விட்டு எழும்புவார்களா? இழவு வீடாக இருந்தாலொழிய 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்றுதானே சொல்வோம். நான் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கே போகிறாய்? எப்போது வருகிறாய்?" என்று கேட்டார். போகவும் முடியாத வரவும் முடியாத ஒருவன் அவருக்கு அதை விளங்கப்படுத்த முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

இதில் இன்னொரு கரைச்சல் இருக்கிறது. நான் இங்கே இருப்பதற்கு ஒரே ஆதாரம், எனக்கு ஊருக்குப் போகப் பயம் என்பது. அது அன்றைக்குச் சத்தியமான உண்மை. இன்றைக்கு? காலையில் எழும்பி முகம் கழுவும்போது அந்தப் பயம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். சிலநாள் இருக்கும், சிலநாள் இருக்காது. இல்லாத நாட்களில்தான் அதிகம் பயப்படுகிறேன்.

3

என் மனைவி வதனியின் சொந்த ஊர் உரும்பிராய். அவள் அங்கே தாய் வீட்டில்தான் இருக்கிறாள். மகள் ஆரணிக்கு நான் வெளிக்கிடும்போது நாலு வயது, இப்போது பதினாறு. பிள்ளைகள் அந்நிய தேசத்தில் கைநழுவிப் போகின்றன என்று இங்கே எல்லாத் தமிழ்த் தகப்பன்மாரும் புலம்புவார்கள். என் பிள்ளை ஊரிலேயே இருந்துகொண்டு கைநழுவிப் போகிறாள். போனை எடுத்தால், "ஓம் அப்பா", "சாப்பிட்டனான் அப்பா", "அம்மாட்டைக் குடுக்கிறன்." அவ்வளவுதான்.

ஒவ்வொரு வைகாசியிலும் இந்த நகரத்தில் ஆசிய அமெரிக்கர் விழா நடக்கும். கடற்கரைப் பூங்காவில் கூடாரங்கள், நடுவில் மேடை, இனத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக நடக்கிற சண்டையைக் கோயில் திருவிழா உபயகாரரின் சண்டையோடு ஒப்பிடலாம். எங்களுக்கு அங்கே இடமே இல்லை. இந்தியர் மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கலாம். சிங்களவர் நடத்துகிற இலங்கையர் கூடாரத்தில் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் அவர்களுடைய மேளம் வேறு, எங்கள் மேளம் வேறு. விழாக் குழுவில் மாலி அக்கா இருக்கிறார். போன ஆவணியில் ஒருநாள் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பாலா, உன் ஊருக்கென்று தனியாகப் பன்னிரண்டு நிமிடம் வாங்கிவிட்டேன். ஊரிலிருந்தே ஆட்களைக் கூப்பிடு. அழைப்புக் கடிதம் நான் தருகிறேன்."

தொண்டைமானாற்றில் எனக்குத் தெரிந்த ஒரு கூத்துக் குழு இருந்தது. அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவர், கையில் உடுக்கை எடுத்தால் எழுபது வயதை மறந்துவிடுவார். அவரோடு சேர்த்து ஆட்டக்காரரும் வாத்தியக்காரருமாக ஏழு பேர். பட்டியலை எழுதினேன். ஏழு பேர் எழுதி முடிந்த பிறகும் அந்தத் தாளில் இடம் இருந்தது.

ஆசை வெட்கம் அறியாது. எட்டாவதாக வதனியின் பெயரை எழுதினேன். ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்று அடியெடுத்துப் பாடுகிறவர்களைப் பிற்பாட்டு என்போம். பிற்பாட்டு என்று போட்டேன். மாலி அக்காவுக்கு அவள் யாரென்று சொல்லவில்லை. அவர் எட்டுப் பேருக்கும் சேர்த்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

விசாப் படிவத்தை நானே இங்கிருந்து கணினியில் நிரப்பினேன். கணவரின் தற்போதைய முகவரி என்று ஒரு கேள்வி. லோங் பீச் என்று எழுதினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. உரும்பிராய் என்று எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன், அதுவும் தட்டச்சில்.

திட்டம் இதுதான். வதனி கூத்தோடு வருவாள், கூத்து திரும்பிப் போகும், அவள் நிற்பாள். ஆரணி ஒன்றிரண்டு வருடம் பெரியம்மா வீட்டில் இருப்பாள். பிறகு படிப்பு விசாவில் அவளையும் எடுத்துவிடலாம். இதை நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வதனி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

"அப்பாவைப் பாத்திட்டுக் கொஞ்ச நாளிலை வந்திடுவன் எண்டு சொல்லும்."

"சரி" என்றாள். அடுத்த கிழமையிலிருந்து பஸ் பிடித்துத் தொண்டைமானாறு போய்ப் பாட்டுப் பழகினாள். மூன்று மாதம். நான் இங்கே இரண்டு பேர் படுக்கிற கட்டில் ஒன்று வாங்கினேன்.

4

கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்முகம் நடந்த அன்று எனக்கு டோனட் எல்லாம் கருகியது. வதனி போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இஞ்சருங்கோ, கேக்கிறியளோ? அண்ணாவியாரைப் படங்களைப் பாத்திட்டு விட்டிட்டாங்கள். நான் அஞ்சாவது ஆள். கண்ணாடிக்கு அங்காலை ஒரு வெள்ளைப் பெடியன், பக்கத்திலை மொழிபெயர்க்கிற எங்கடை பிள்ளை ஒண்டு. 'பிற்பாட்டு எண்டு கிடக்கு, ஒருக்காப் பாடுங்கோ' எண்டாள். மூண்டு மாசம் பழகின பாட்டு, ஒரு வரி வரேல்லை. எல்லாம் துடைச்சுப் போட்டமாதிரி. பேந்து என்ன செய்யிறது? கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் தொடங்கிட்டன்."

யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூசை முடிந்ததும் தேவாரத்தில் தொடங்கி ஐந்து பாட்டு வரிசையாகப் படிக்க வேண்டும், முடிவில் வாழ்த்து. இரண்டாம் வகுப்பிலேயே பாடமாகிவிடும். தொடங்கினால் நடுவில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. ஐயர் கற்பூரத் தட்டோடு காத்திருப்பார்.

"'காணும் அம்மா, போதும்' எண்டு அந்தப் பிள்ளை ரெண்டுதரம் சொன்னாள். நான் விடுவனோ? அஞ்சையும் படிச்சு வாழ்த்தும் சொல்லித்தான் கண்ணைத் திறந்தன். பாத்தால் மற்ற யன்னல் வேலையெல்லாம் நிண்டுபோச்சு. பின்னாலை கதிரையிலை இருந்த சனம் எழும்பி நிண்டு கும்பிடுது."

நான் கடைக்குப் பின்பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. "பிறகு? பிறகு?"

"அந்தப் பெடியனும் சிரிச்சவன். என்ரை பாஸ்போட்டைத் தன்ரை பக்கத்துக்கு எடுத்து வைச்சான். சரி எண்டால்தான் அப்பிடி எடுத்து வைப்பாங்களாம். வைச்சிட்டுச் சும்மா கேட்டான், உங்கடை கணவர் உரும்பிராயிலை என்ன வேலை செய்யிறார் எண்டு."

"ம்?"

"அவர் உரும்பிராயிலை இல்லை, லோங் பீச்சிலை டோனட் சுடுறார் எண்டன்."

அட கோதாரி! கையிலிருந்த தட்டைக் கீழே போட்டேன். "உமக்கென்ன விசரோ? ஏனப்பா சொன்னனீர்?"

"திருமுறை படிச்ச ஈரம் வாயிலை காய முன்னம் என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"ஒரு பொய்! ஒரே ஒரு பொய்!"

"கத்தாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நான் கத்தினேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அன்றைக்கு அவளை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னைப் பார்க்க விருப்பமில்லையென்றால் நேரே சொல்லியிருக்கலாம் என்றும் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பட்டியலில் ஒரு பெயர் பொய்யென்றால் மற்ற ஏழு பெயரையும் எப்படி நம்புவது? எட்டுப் பேருக்கும் விசா இல்லை. அண்ணாவியார் போனில் கோபப்படவேயில்லை. "எல்லாருக்கும் புது உடுப்புத் தைச்சுப் போட்டம் தம்பி. அது கிடக்கட்டும். அவ உம்மடை மனுசி எண்டு எனக்குத் தெரியும், படிவத்திலை நீர் பொய் எழுதினது தெரியாது. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

மாலி அக்காவுக்கும் தூதரகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் அதை மேசையில் வைத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். நான் டோனட் பெட்டிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாததால் அன்று நாற்பது பெட்டிக்கு மேல் மடித்துவிட்டேன்.

"எட்டாவது பெயர் உன் மனைவியா?"

"ஓம் அக்கா."

"அவளுடைய படிவத்தில் பொய் எழுதினாயா?"

"ஓம்."

அவர் பேனையை எடுத்துக் கடிதத்தில் எதையோ கோடிட்டார். பிறகு சொன்னார்: "தாய்லாந்து எல்லை முகாமில் எங்கள் குடும்பத்துப் பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. விமானம் வருமுன்னமே அக்கா செத்துப்போனாள். நான் அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினேன். மாலி என்பது அவள்."

நான் இத்தனை வருடமும் இறந்துபோன ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன். அதைக் கூப்பிட இப்போது ஆளில்லை என்றார்.

"ஆகவே பொய் சொன்னதற்கு உன்னை ஏச எனக்கு யோக்கியதை இல்லை" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே ஏசத் தொடங்கினார். "ஆனால் என்னிடம் கேட்டாயா? என் கையெழுத்தை வைத்துக்கொண்டு, என்னை முட்டாளாக்கினாய். நான் இந்தக் குழுவில் இருபது வருடம் இருக்கிறேன். இனி எந்தக் கம்போடியக் கலைஞனுக்கு நான் கடிதம் கொடுத்தாலும் அதை இரண்டுதரம் தட்டிப் பார்ப்பார்கள். மேடையில் அந்தப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. நீயே ஏறி, உன் ஆட்கள் ஏன் வரவில்லை என்று சனத்துக்குச் சொல்."

6

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை விழா. யப்பானியரின் பெரிய மேளம் முடிந்து, பிலிப்பினோப் பிள்ளைகள் மூங்கில்களுக்கிடையில் துள்ளி முடிந்து, எங்கள் முறை வந்தது. வேட்டி கட்டிக்கொண்டு தனியாக ஏறினேன். உண்மையைச் சொல்வதாகத்தான் மனதில் இருந்தது. நாலைந்து வசனம் இங்கிலீசில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். ஒலிவாங்கியைப் பிடித்து, "யாழ்ப்பாணத்திலிருந்து எட்டுப் பேர் வருவதாக இருந்தது, விசா கிடைக்கவில்லை" என்றேன்.

அடுத்த வசனத்துக்கு நான் வாய் திறக்குமுன் அந்தச் சனம் முழுக்க, "ஓ..." என்று பெருமூச்சு விட்டது. அங்கே விசா மறுக்கப்படாத குடும்பம் எது? கம்போடியர், வியட்நாமியர், பிலிப்பினோக்கள் எல்லாரும் எழும்பி எனக்காகக் கை தட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். அவர்கள் தட்டத் தட்ட எனக்கு மிச்ச வசனங்கள் மறந்துபோயின. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். படிக்கடியில் நின்ற மாலி அக்கா மட்டும் கை தட்டவில்லை.

பின்னேரம் அறைக்கு வந்து வீட்டுக்கு எடுத்தேன். அங்கே ஞாயிறு காலை. ஆரணிதான் எடுத்தாள்.

"அம்மா கோயிலுக்குப் போயிட்டா அப்பா. உங்களை மேடையிலை பாத்தனான், ஆரோ வீடியோ போட்டிருந்தவை. எல்லாரும் கை தட்டினவை என்ன?"

"ஓம் பிள்ளை."

வழக்கமாக இந்த இடத்தில் போன் கைமாறும். அன்று கைமாற ஆளில்லை. அவளே கதைத்தாள்.

"அப்பா, அம்மாவைப் பேசாதேங்கோ. கொழும்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. நான் மாமாவோடை வெளியிலை ரோட்டிலை நிண்டனான். உள்ளுக்குப் போகமுதல் என்ரை கையைப் பிடிச்சு, கொஞ்ச நாளிலை வந்திடுவன் எண்டு சொன்னவ. நீங்கள் போகேக்கையும் கொஞ்ச நாள் எண்டுதான் சொன்னனீங்களாம். நான் அதை அம்மாட்டைச் சொன்னன். அவ என்ரை கையை விட்டிட்டு உள்ளுக்குப் போனவ."

நான் புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அழுதுகொண்டுதான் வெளியிலை வந்தவ. விசா இல்லையாம் எண்டா. நான் சந்தோசப்பட்டனான், அப்பா. கோவிக்காதேங்கோ. அந்தப் பேர் லிஸ்டிலை என்ரை பேர் இல்லைத்தானே?"

பன்னிரண்டு வருடத்தில் என் மகள் என்னோடு இவ்வளவு நேரம் கதைத்தது இதுதான் முதல் தடவை. அவளுடைய பெயரை நான் மறக்கவில்லை. எழுதினால் சந்தேகம் வரும் என்று தெரிந்தே விட்டேன். மறதி என்றால்கூட மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன்.

"நான் வரட்டோ, பிள்ளை?"

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சை வந்தால் திரும்ப அங்கை போக ஏலாது எண்டு அம்மா சொன்னவ. தெரிஞ்சுதான் கேக்கிறியளோ?"

அவள் காத்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு வதனி படலையைத் திறந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது, "அம்மா வந்திட்டா" என்று சொல்லிப் போனைக் கொடுத்தாள்.

இன்றைக்கு ஒன்பது நாள். நான் ஆரணிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.